ஐடிஐ முடித்த கையோடு: அப்ரண்டிஸா, கம்பெனி வேலையா, டிப்ளமாவா?

ஐடிஐ தேர்வு முடிவு வந்த வாரத்தில் வீட்டில் மூன்று திசைகளிலிருந்து யோசனை வரும். "ஸ்ரீபெரும்புதூரில் ஆள் எடுக்கிறார்கள், போய்ச் சேர்ந்துவிடு" என்பார் மாமா. "ரயில்வே அப்ரண்டிஸுக்கு விண்ணப்பம் போட்டு வை" என்பார் ஐடிஐ ஆசிரியர். அம்மாவுக்கோ பிள்ளை பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்து டிப்ளமா வாங்கிவிட்டால் போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், மெஷினிஸ்ட் என எந்தத் தொழிற்பிரிவில் படித்தவரும் இந்த மூன்று வாசல்களின் முன்னால் நின்றுதான் குழம்புகிறார்கள். பெற்றோரும் அப்படியே.

மூன்றுமே மோசமான வழிகள் இல்லை. ஆனால் இவற்றுள் ஒன்றை முதலில் எடுத்தால் மற்றொன்று நிரந்தரமாக மூடிக்கொள்கிறது; வேறொன்றை முதலில் எடுத்தால் மற்றவை காத்திருக்கின்றன. சம்பளத்தைக் கேட்கும் வீடுகளில் இந்த வரிசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கைக்காசு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாம் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதே கணக்கு. அடுத்தது கைத்திறன்: இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையிடம் ஒரு இயந்திரத்தை நம்பி ஒப்படைக்க முடியுமா? மூன்றாவது, அந்தத் திறனை வேறொருவருக்குக் காட்ட ஒரு சான்றிதழ். நான்காவது, அடிபட்டால், வேலை போனால் யார் பொறுப்பு என்பது. ஐந்தாவது, நான் முன்பே சொன்னது: இதைத் தேர்ந்தெடுத்தால் எந்த வாசல் மூடும்?

பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் கேள்வியின் சத்தத்தில் மற்ற நான்கும் காதில் விழாது.

## அப்ரண்டிஸ் பயிற்சி

அப்ரண்டிஸைத் தமிழில் தொழிற்பழகுநர் என்பார்கள்; 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது இது. முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் கொதிகலன் ஆலை, நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி போன்ற இடங்களுக்கு ஆண்டுதோறும் போட்டி இருக்கிறது. தனியார் ஆலைகளிலும் இடங்கள் உண்டு; அவற்றைத் தேடுபவர்கள்தான் குறைவு.

பணத்தைப் பொறுத்தவரை அடக்கமாகவே இருக்கும். 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், டிப்ளமா முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் இதை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. நீங்கள் சேரும்போது எது நடைமுறையில் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இது குறைந்தபட்சம் மட்டுமே. ஆள் கிடைக்காத தொழிற்பிரிவுகளில் நிறுவனங்கள் கூடுதலாகவும் தருகின்றன. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவான தனியார் நிறுவனமாக இருந்தால் அரசின் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், தனி வரவாக வங்கிக் கணக்கில் ஏறும்.

சொந்த ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் ஆலை இருந்தால் ஏழாயிரம் ஏழாயிரமாகவே இருக்கும். அறை எடுத்துத் தங்கினால் வீட்டிலிருந்து பணம் போகவேண்டிய நிலைகூட வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே திருச்சிப் பையனுக்குப் பொன்மலையும் கடலூர்ப் பையனுக்கு நெய்வேலியும் மற்ற இடங்களைவிடப் பலமடங்கு லாபம்.

பணத்துக்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? ஒரு பேரிங்கைத் தண்டில் ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். சின்னப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன் ஒரு குழாய்த் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றுவான். பேரிங் ஏறிவிடும், உள்ளே குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திருக்கும், சில மாதங்களில் இரைச்சல் தொடங்கும். ஒழுங்கான பராமரிப்புப் பிரிவில் அதே பேரிங்கை இண்டக்‌ஷன் ஹீட்டரில் ஏறத்தாழ நூறு டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். அது விரிந்து, கையுறை போட்ட கையாலேயே வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்காரும். அதற்கு முன்பு தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் பார்த்து ஒரு தாளில் எழுதியிருப்பார்கள். ஏன் எழுதவேண்டும் என்று கேட்டால் அனுபவப்பட்ட ஒரு ஃபிட்டர் பத்து நிமிடம் நின்று சொல்லுவார். ஐடிஐயில் அரம் பிடித்து டவ்டெயில் பொருத்தம் செய்து பழகிய கைக்கு, இதுதான் அடுத்த வகுப்பு. இது புத்தகத்தில் இருந்தாலும் புத்தகத்திலிருந்து வருவதில்லை.

பயிற்சிக் காலம் முடிந்து தேர்வில் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இந்தத் தாளின் மதிப்பை ரயில்வேயில்தான் நேரடியாகப் பார்க்கலாம். அங்கே அடிநிலைப் பணிகளான லெவல்-1க்கு நடக்கும் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு இடங்கள், ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. எழுத்துத் தேர்வு உண்டு. ஆனால் கோடிக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவில் நிற்பதும் தனி ஒதுக்கீட்டில் நிற்பதும் ஒன்றாகாது. ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 18,000 ரூபாய் என்னும்போது இது சின்ன விஷயமும் இல்லை. மற்ற அரசு, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழிகாட்டுதல் தந்திருக்கிறது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், பயிற்சி முடித்தவருக்கு நேரடியாக வருபவரைவிட முன்னுரிமை தரவேண்டும்.

இனி, விளம்பரத்தில் வராத செலவுகள்.

சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ் தொழிலாளி கிடையாது; பயிற்சி பெறுபவர். வருங்கால வைப்பு நிதி இல்லை, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ இல்லை. பணியின்போது காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் காய்ச்சல், அப்பெண்டிக்ஸ் என்று படுத்தால் செலவு உங்களுடையது.

பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்று நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறது. "உள்ளே போய்விட்டால் எப்படியும் நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை கேட்டுப் போராடும் முன்னாள் அப்ரண்டிஸ்கள் அந்தப் பேச்சை நம்பியவர்கள்தான். ஒதுக்கீடும் முன்னுரிமையும் வேறு, வேலை உத்தரவாதம் வேறு.

பலருக்கும் தெரியாத மூன்றாவது செலவு: இந்த வாய்ப்பு ஒரு முறைக்குத்தான். ஏற்கெனவே இந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சி முடித்தவரும், பயிற்சியில் இருப்பவரும் விண்ணப்பிக்கக் கூடாது என்று ரயில்வே, பொதுத்துறை அறிவிப்புகளில் ஒரு வரி இருக்கும். பக்கத்து ஊர் ஆலையில் அவசரப்பட்டுப் பதிவு செய்துகொண்டால் அடுத்த ஆண்டு ஐசிஎஃப் அறிவிப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதுதான். ஒப்பந்தத்தை நடுவில் நீங்களாக முறித்தால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்ற பெயரையே ஏமாற்றாகப் பயன்படுத்தியவர்களும் நம் ஊரில் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இளம்பெண்களை "பயிற்சி" என்று சொல்லி மூன்றாண்டு விடுதியில் வைத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

## நேரடியாகக் கம்பெனி வேலை

பெரும்பாலான பிள்ளைகள் போகும் வழி. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை எனத் தொழிற்பேட்டைகளின் வாசலில் ஆள் தேவை என்ற பலகை இல்லாத மாதமே இல்லை. அப்ரண்டிஸுக்கு 7,000, ஒப்பந்த வேலைக்கு 14,000 என்று வைத்துக்கொண்டால் ஓராண்டு வித்தியாசம் 84,000 ரூபாய். அப்பாவின் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்தத் தொகைக்கு எதிராக யாரும் உபதேசம் செய்ய முடியாது, நானும் செய்யப்போவதில்லை.

வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் இங்கே உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு 0.75 விழுக்காடு பிடித்தத்தில் குடும்பத்துக்கே மருத்துவ வசதி கிடைப்பது சாதாரணமான விஷயம் இல்லை. ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டினால் மட்டும் போதாது. வைப்பு நிதிக் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வாங்கி, மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்று கைபேசியில் பார்த்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு கைத்திறனில் இருக்கிறது. அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு நான்கு போல்ட். தலைக்கு மேல் தொங்கும் டார்க் கன்னை இழுத்து, நான்கையும் முடுக்கி, பச்சை விளக்கு எரிந்ததும் விடவேண்டும். அடுத்த வண்டி வந்து நிற்கும். ஓராண்டு முடிவில் அந்த நான்கு போல்ட் அத்துபடி. ஃபிட்டருக்குப் படித்தது கையைவிட்டு நழுவியிருக்கும். ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "மூன்று வருட அனுபவம்" என்று எழுதிக்கொண்டு வருபவரிடம் நுண்ணளவு பார்க்கும் வெர்னியரைக் கொடுத்தால் பூஜ்யப் பிழை பார்க்காமல் நேராக அளக்கத் தொடங்குகிறார். குற்றம் அவர் மேல் இல்லை. மூன்று ஆண்டுகளாக அவர் கையில் யாரும் வெர்னியரைக் கொடுக்கவில்லை.

ஒப்பந்ததாரர் மாறினால் பணிக்காலத் தொடர்ச்சி அறுந்துபோவதும், உற்பத்தி குறையும் மாதத்தில் முதலில் ஒப்பந்த ஆட்களை நிறுத்துவதும் எல்லோரும் அறிந்தது. அதை விரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்லவேண்டும். அம்பத்தூரிலும் கோவையிலும் பதினைந்து இருபது பேர் வேலை செய்யும், பிறர் தரும் ஆர்டருக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைகள் இருக்கின்றன. நல்ல முதலாளி வாய்த்தால், அங்கே ஓராண்டில் லேத், மில்லிங், சிஎன்சி புரோகிராம், வாடிக்கையாளர் வரைபடம் என்று அத்தனையும் கைபடப் பழகலாம். பெரிய பொதுத்துறை ஆலையில் கோப்பு தூக்கவும் டீ வாங்கவும் அனுப்பப்படும் அப்ரண்டிஸைவிட இந்தப் பையன் கெட்டிக்காரனாக வெளியே வருவான். கையில் சான்றிதழ் இருக்காது; வேலைத்திறன் இருக்கும். டர்னர், மெஷினிஸ்ட் படித்தவர்களுக்கு, அதுவும் பிற்காலத்தில் சொந்தப் பட்டறை வைக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு, இதுவே முதல் தேர்வு என்பது என் எண்ணம்.

## இரண்டாம் ஆண்டு டிப்ளமா

இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. தனியார் கல்லூரி என்றால் கட்டணம், வண்டி, விடுதி என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசவேண்டும். இரண்டு ஆண்டுக்கு வருமானமும் இல்லை.

மற்ற இரண்டும் தராததை இது தருகிறது: மேலே ஏறும் படி. ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் தேர்வு எழுதலாம்; ஆலையில் சூப்பர்வைசர் இடத்துக்குப் போகலாம்; பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பல நிறுவனங்களில் ஐடிஐக்காரர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஏறமுடியாத ஒரு படி இருக்கிறது, டிப்ளமாக்காரர் முதல் நாளே அதில் நிற்கிறார். இந்த அநியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு வழி சொல்லும்போது இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே தடுக்கி விழுவது கணிதத்தில். முதலாண்டு பாடங்களைத் தாண்டி நேராக உள்ளே வரும் ஐடிஐ மாணவருக்கு, மற்றவர்கள் ஓராண்டாகப் பழகிய கணிதம் புதிதாக இருக்கும். அரியர் விழுந்து, சான்றிதழ் இல்லாமல் இரண்டு ஆண்டும் போய், கடைசியில் அதே ஒப்பந்த வேலைக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கு எப்படி இருந்தது என்று மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடும் வாசல் இதுதான்: தொழிற்பிரிவு அப்ரண்டிஸ் அறிவிப்புகள் பலவற்றில் டிப்ளமா, பொறியியல் பட்டம் பெற்றவர்கள் தகுதியற்றவர்கள் என்று எழுதியிருக்கும். டிப்ளமாக்காரருக்கு டெக்னீஷியன் அப்ரண்டிஸ் என்று தனிப் பிரிவு உண்டு. இடங்களும் வேறு, அதன் பயனும் வேறு. ரயில்வேயின் அந்த 20 விழுக்காட்டு வழிக்கு இந்தப் பக்கமிருந்து திரும்பிவருவது கடினம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அப்ரண்டிஸ் | கம்பெனி வேலை | டிப்ளமா |
|---|---|---|---|
| முதல் ஆண்டு கைக்காசு | உதவித்தொகை மட்டும் | மூன்றில் அதிகம் | செலவுதான் |
| கைத்திறன் | நல்ல ஆலையில் மிகுதி | லைனில் குறைவு, பட்டறையில் மிகுதி | பெரும்பாலும் ஆய்வகத்தோடு சரி |
| சான்றிதழ் | தொழிற்பழகுநர் சான்றிதழ் | அனுபவக் கடிதம் | டிப்ளமா |
| வைப்பு நிதி, இஎஸ்ஐ | இல்லை | உண்டு | பொருந்தாது |
| மூடும் வாசல் | இரண்டாவது முறை அப்ரண்டிஸ் | வயது வரம்பு தாண்டும் அபாயம் | தொழிற்பிரிவு அப்ரண்டிஸ் |

## வரிசைக் கணக்கு

பதினெட்டு வயதில் ஐடிஐ முடிக்கிறார் என்று கொள்வோம். பத்தொன்பதில் ஓராண்டு அப்ரண்டிஸ் முடிகிறது. அப்போதும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு திறந்தே இருக்கிறது; இருபத்தொன்றில் டிப்ளமாவும் கையில். ஓராண்டு தாமதம், அதற்கு ஈடாக ஒரு சான்றிதழும், ஆலையைக் கண்ணால் பார்த்த தெளிவும். இதையே தலைகீழாகச் செய்ய முடியாது. கம்பெனி வேலையை முதலில் எடுத்தவருக்கு அப்ரண்டிஸ் வாசல் உடனே மூடுவதில்லை. ஆனால் ஐசிஎஃப் போன்ற இடங்களில் வயது வரம்பு பொதுவாக 24. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்றாண்டும் பட்டியல் இனத்தவருக்கு ஐந்தாண்டும் தளர்வு. "ஒரு வருடம் சம்பாதித்துவிட்டுப் போகிறேன்" என்று போன பிள்ளை, வண்டித் தவணை கட்டத் தொடங்கியபின் ஏழாயிரத்துக்கு இறங்கி வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே வீட்டில் உடனடி நெருக்கடி இல்லாத, இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் ஐடிஐக்காரருக்கு என் வாக்கு அப்ரண்டிஸுக்கே. அதுவும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ரயில்வே அல்லது பொதுத்துறை இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். கடன், நோய், தங்கையின் படிப்பு என்று வீடு ஒருவர் வருமானத்தை எதிர்பார்த்திருந்தால் வேலைக்குப் போங்கள். முடிந்தவரை லைனைத் தவிர்த்துப் பராமரிப்புப் பிரிவிலோ பட்டறையிலோ இடம் கேளுங்கள். கணக்கு நன்றாக வருபவர், அரசு பாலிடெக்னிக் இடமும் கிடைத்தவர், ரயில்வே லெவல்-1இல் நாட்டம் இல்லாதவர் ஆகியோர் டிப்ளமாவுக்கு நேராகவே போகலாம்.

பத்தாம் வகுப்போடு நிற்பவருக்கு ஒரு வரி. ரயில்வே, ஐடிஐ படிக்காதவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கிறது. ஐசிஎஃப்பில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றுக்கு அது இரண்டாண்டுப் பயிற்சி. ரயில் ஓட்டுநரின் உதவியாளரான உதவி லோகோ பைலட் தேர்வுக்கும் பத்தாம் வகுப்போடு உரிய பிரிவில் அப்ரண்டிஸ் முடித்திருந்தால் தகுதி உண்டு.

## கையெழுத்துப் போடுமுன்

ஒப்பந்தம் மத்திய அரசின் இணையத்தளத்தில் பதிவாகியிருக்கிறதா, அதற்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்பிரிவின் பெயரைப் படியுங்கள்: அரசு வகுத்த தொழிற்பிரிவா, நிறுவனம் தானே வடிவமைத்த விருப்பப் பிரிவா? நான் மேலே சொன்ன ரயில்வே பலன்கள் முதல் வகைச் சான்றிதழுக்கே பொருந்தும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் வரவேண்டும்; உறைக்குள் வரக்கூடாது. இந்தச் சட்டத்துக்கான அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முதல் வாரத்திலேயே ஓவர்டைம் பேச்சு வந்தால் அங்கே எடுப்பது உற்பத்திக்கான ஆள் என்று புரிந்துகொள்ளலாம். முன்பு பயிற்சி முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வாயிற்காவலரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

ஐசிஎஃப் அறிவிப்பு அண்மை ஆண்டுகளில் மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் வந்திருக்கிறது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் பட்டியல் போடுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. மதிப்பெண் பட்டியலை யாராலும் மாற்ற முடியாத இந்தத் தேர்வுக்கும் "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று ஐம்பதாயிரம் கேட்டு ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.